கையைக் கட்டிக்கொண்டு வேலை செய்தவர்

செய்தி வந்தபோது நான் பதுளையில் ஒரு சலூன் கதிரையில், பாதி மீசைக்கு மை பூசிய நிலையில் உட்கார்ந்திருந்தேன். எங்கள் பாடசாலைக் காவலாளி போனில் அழைத்தார். "சேர், நம்ம ஜெசிந்தா அக்கா விடியக்காலையில ஆஸ்பத்திரியில தவறிட்டாங்க. நெஞ்சுவலின்னு நேத்துத்தான் கொண்டுபோனாங்க." எழுந்துவிட்டேன். "சேர், மத்தப் பக்கம்?" என்று சலூன்காரர் சீப்போடு வாசல்வரை வந்தார். மற்றப் பக்கம் நரைத்தபடியே தெமோதரை பஸ்ஸில் ஏறினேன். சாவு வீட்டில் என் மீசையைப் பார்க்காதவர் இல்லை, சிரித்தவரும் இல்லை. சிரித்திருக்கக்கூடிய ஒரே ஆள் பெட்டிக்குள் இருந்தார்.

ஜெசிந்தா அக்காவை அறிந்த உங்களுக்கு அறிமுகம் தேவையில்லை. ஆனால் அவரைப் பற்றி உங்களில் பலர் அறிந்திருப்பது பிழையான கதை. அந்தக் கதை பரவியதில் எனக்குப் பங்குண்டு. அதனால் முதலிலிருந்தே சொல்கிறேன்.

எங்கள் தோட்டப் பாடசாலையில் அவர் வகுப்பு உதவியாளர். ஐந்தாம் வகுப்பில் தர்ஷினி என்றொரு பிள்ளை. பிறக்கும்போதே மூளையில் ஏற்பட்ட பாதிப்பால் கையும் காலும் நாவும் சொன்னபடி கேட்காது, அல்லது மிக மெதுவாகக் கேட்கும். புத்தியில் ஒரு குறையும் இல்லை. அவளுக்குத் துணையாகத்தான் அக்கா வந்தார். வந்தவர் தர்ஷினியின் இடப்பக்கம் ஒரு சின்ன வாங்கைப் போட்டு, இரண்டு கைகளையும் கக்கத்தில் இறுக்கிக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். காலை ஏழரை முதல் பிற்பகல் ஒன்றரைவரை அதே கோலம். பிள்ளை பென்சிலைத் தவறவிடும், குனியும், தேடும், எடுக்கும், மறுபடி தவறவிடும். அக்கா அசையமாட்டார். அவள் விழப்போனால் மட்டும் அந்தக் கைகள் மின்னல்போல் வெளியே வரும்.

முதல் வாரமே எனக்குப் பொறுக்கவில்லை. இடைவேளையில் தர்ஷினி சாப்பாட்டுப் பெட்டியோடு போராடிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் இவர் சிலைபோல் இருந்தார். நான் பாய்ந்து போய் மூடியைத் திறந்து, ரொட்டியையும் சம்பலையும் எடுத்து வைத்து, ஒரு தியாகியின் முகத்தோடு நிமிர்ந்தேன். தர்ஷினி பெட்டியைத் தள்ளிவிட்டாள்.

"தொறந்தது நீங்கதானே சேர்? நீங்களே சாப்பிடுங்க" என்றார் அக்கா.

"பசியில கெடக்குற பிள்ளையைப் பாத்துக்கிட்டு சும்மா இருக்கச் சொல்றீங்களா?"

"அதுக்கு ரொட்டிப் பசி கொஞ்சந்தான் சேர். தொறக்கணுங்கிற பசிதான் பெருசு." பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார். "எனக்கும் கை பரபரன்னுதான் இருக்கு. அதான் கட்டி வச்சிருக்கேன்."

மறுநாள் பெட்டி திறக்கப் பதினோரு நிமிடம் ஆனது. நான் கடிகாரம் பார்த்தேன். என் சாப்பாடு ஆறிப்போனது.

என் தமிழ்ப் பாடத்திலும் அவர் ஒரு தடவை என்னை மடக்கினார். பறவைகளின் பெயர்களைக் கேட்டுக்கொண்டே போனேன். பறவை முடிந்து, மரம் முடிந்து, ஆறுகளுக்கு வந்துவிட்டேன். அப்போது தர்ஷினி, "மை... னா" என்றாள். வகுப்பு சிரித்தது. நானும்தான். அக்கா எழுந்து நின்றார். "பிள்ளை சரியான எடத்துலதான் இருக்கு சேர். நீங்கதான் ரொம்பத் தூரம் போயிட்டீங்க." முப்பத்தெட்டுப் பிள்ளைகளுக்கு முன்னால் ஆற்றிலிருந்து மரம் வழியாக மைனாவுக்குத் திரும்பி வந்தேன்.

இவ்வளவும் தெரிந்த பிறகுதான் அந்தக் காரியத்தைச் செய்தேன். அறியாமல் செய்தேன் என்று சொல்லிக்கொள்ள வழியில்லை.

ஆசிரியர் தின விழா. என் பேச்சு எப்போதும் கடைசியில்தான் வைக்கப்படும். முதலிலேயே வைத்தால் சிரித்து முடித்துவிட்டு ஆட்கள் வீட்டுக்குப் போய்விடுவார்கள் என்பது என்னுடைய எண்ணம். அதிபர் வேறு காரணம் வைத்திருக்கலாம். அன்று ஒவ்வொருவருக்கும் ஒரு பட்டம் கொடுத்தேன். அக்காவின் முறை வந்தது. "இந்தப் பாடசாலையில் களைப்பே அறியாத ஒரே ஊழியர் நம்முடைய ஜெசிந்தா அக்கா. காலையில் கையைக் கட்டினால், வீட்டுக்குப் போகும்போதுதான் அவிழ்ப்பார்!" என்றேன். கட்டியும் காட்டினேன். கண்களை அரைவாசி மூடி, வாயைச் சற்றே திறந்து, தூங்கிவழிவதுபோல் நடித்தும் காட்டினேன். மண்டபம் அதிர்ந்தது. அக்காவும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். முன்வரிசையில் இருந்த கல்வி அதிகாரி ஒருவர் சிரித்துக்கொண்டே அழைப்பிதழின் பின்பக்கத்தில் ஏதோ குறித்துக்கொண்டார். என் நகைச்சுவையைத்தான் குறிக்கிறார் என்று நான் பூரித்துப்போனேன்.

இரண்டு வாரத்தில் கல்வித் திணைக்களத்திலிருந்து கடிதம் வந்தது. வகுப்பில் போதிய வேலையில்லாததால் உதவியாளரைப் பாடசாலை அலுவலக வேலைக்கு எடுக்கும்படி எழுதியிருந்தது. மணி அடிக்க, கோப்பு தூக்க, தேநீர் ஊற்ற.

அதிபர் என்னை அழைத்தார். "ஒங்க பேச்சால வந்த வினை சேர் இது. நீங்க நல்லா எழுதுவீங்க. அந்த அம்மா வகுப்புல என்ன செய்றாங்கன்னு ஒரு பக்கம் எழுதித் தாங்க. நான் கையெழுத்துப் போட்டு அனுப்புறேன்."

"நாளைக்கே தாறேன்" என்றேன். அந்த வாரம் வெலிமடை உருளைக்கிழங்கைப் பற்றி மூன்று பக்கம் எழுதினேன், பத்திரிகையில் வந்தது, நாலு பேர் பாராட்டினார்கள். கடிதத்துக்கு உட்காரும்போதெல்லாம், 'நான் மேடையில் சொன்னது பொய்' என்ற வரியில்தான் அது தொடங்க வேண்டியிருந்தது. அந்த வரி எழுதவரவில்லை.

அக்கா இல்லாத வகுப்பில் தர்ஷினிக்கு நாங்கள் எல்லோரும் உதவினோம். பெட்டியைத் திறந்தோம், பென்சிலை எடுத்துக் கொடுத்தோம், பதிலையும் நாங்களே சொல்லிக்கொண்டோம். மூன்றாம் மாதம் அவள் வருவதை நிறுத்திவிட்டாள்.

தர்ஷினியின் தாய் புஷ்பராணியும் ஜெசிந்தா அக்காவும் ஒரே லயத்தில், தோட்டத்து வரிசை வீடுகளில், நாலு வீடு தள்ளிக் குடியிருந்தவர்கள். ஒருநாள் பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் புஷ்பராணி பக்கத்துப் பெண்ணிடம் சொல்லிக்கொண்டு வந்தார். "ஆபீசுல கதிரை குடுத்தாங்களாம், போய் ஒக்காந்துட்டா. எம்புள்ளையோட மல்லுக்கட்ட அவளுக்கு என்ன விதி?" நான் யன்னலுக்கு வெளியே தேயிலையை மிகுந்த அக்கறையோடு பார்த்தேன். பிறகு இதே கதையை ஆசிரியர் அறையிலும், பண்டாரவளைச் சந்தையிலும் கேட்டேன். ஊர்க் கதை எதிலும் ஒரு வரி சேர்க்காமல் விடாத நான், இதில் மட்டும் ஒரு வரியும் சேர்க்கவில்லை.

ஒருமுறை ஜெசிந்தா அக்கா அலுவலகத்தில் தனியாக அகப்பட்டார். "அக்கா, அன்னைக்கு மேடையில..." என்று இழுத்தேன்.

"நல்லாத்தான் பேசுனீங்க சேர். எனக்கே சிரிப்பு வந்துச்சு." தேநீரை என் பக்கம் நகர்த்தினார். "அந்தக் கடிதம் எழுதிட்டீங்களா?"

"எழுதிக்கிட்டே இருக்கேன்."

"சரி சேர். அவசரமில்ல. காத்திருக்கத்தானே எனக்குத் தெரியும்."

இரண்டு வருடம் காத்திருந்தார். அதற்குப் பிறகு ஒருநாளும் கேட்கவில்லை.

அடக்கம் முடிந்து திரும்பியபோது, அந்த லயத்தில் ஒரு கதவு மட்டும் காலையிலிருந்து சாத்தியே இருந்ததைப் பார்த்தேன். நாலு வீடு தள்ளி. போய்த் தட்டினேன். புஷ்பராணி திறந்தார். உட்காரச் சொல்லவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். பேச்சு, அதிகாரி, அதிபர் கேட்ட கடிதம், உருளைக்கிழங்கு. என் வாழ்நாளில் யாரும் ஒரு இடத்திலும் சிரிக்காத முதல் கதை அது.

அவர் நிலைப்படியில் உட்கார்ந்துவிட்டார். "பைப்படியில அவங்க நின்னா நான் கொடத்த எடுத்துக்கிட்டுத் திரும்பி வந்துருவேன் சேர். ரெண்டு வருஷம். ஏன் புஷ்பான்னு ஒரு வார்த்த கேக்கலையே அவங்க."

உள்ளேயிருந்து தர்ஷினி சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தாள். வளர்ந்திருந்தாள். ஏதோ சொல்ல முகம் கோணியது. தாய், "தண்ணி வேணுமா? பசிக்குதா?" என்றார். அவள் இல்லையென்று தலையை ஆட்டினாள். சொல் வர வெகுநேரம் ஆனது.

"அப்பவே... சொன்... னேன். அக்கா... போக... மாட்டேன்னு... அழுதிச்சு. நீ... கேக்கல."

அக்காவை வகுப்பிலிருந்து கூட்டிப்போன அன்று எல்லாவற்றையும் பக்கத்திலிருந்து பார்த்தவள் அவள் ஒருத்திதான். வீட்டுக்கு வந்து சொல்லவும் தொடங்கியிருக்கிறாள். முடிக்கும்வரை யாரும் இருக்கவில்லை.

புஷ்பராணி மகளைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார். "நேத்து வரைக்கும் உசுரோட இருந்தாங்களே. நீங்க ஏன் சேர் இப்ப வந்து சொல்றீங்க?"

ஒரு பதில் வந்தது. நல்ல பதில், அவரையும் சற்றுச் சிரிக்க வைத்து, என்னை அந்த வாசலிலிருந்து தப்ப வைத்திருக்கக்கூடிய பதில். இப்படிப்பட்டவை எனக்குத் தேடாமலே வரும். நாக்கு நுனிவரை வந்துவிட்டது. விழுங்கிவிட்டு, அந்தக் கேள்விக்கு முன்னால் நின்றேன். ஜெசிந்தா அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது அந்த ஒரு விழுங்கல்தான்.