கமலைக் கல் தாங்குமா

உட்கார்ந்தால் என் வலது கால் தானாக ஆடும். வீட்டில் எல்லோரும் திட்டிப் பார்த்து அலுத்துவிட்டார்கள். பிறவிப் பழக்கமில்லை அது. மதுரையில் இன்ஜினியரிங் படித்தபோது ஸ்டாட்டிக்ஸும் ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸும் எனக்குக் கொடுத்தனுப்பிய சீர்வரிசை.

எது எவ்வளவு பாரம் தாங்கும், எப்போது வளையும், எப்போது ஒடியும், அவ்வளவுதான் பாடம். சொல்லும்போது சுளுவாக இருக்கிறது, இல்லையா? எனக்கு வேப்பங்காய். அசையாமல் நிற்கும் பொருள்களைப் பற்றிய படிப்பு. எனக்கோ கால் மணி நேரம் ஓரிடத்தில் அசையாமல் இருக்க வராது. புத்தகத்தைத் திறந்தால் டீ குடிக்கத் தோன்றும், டீ குடித்தால் புத்தகம் உறுத்தும். ஹாஸ்டல் வராண்டாவில் நடந்தே பாதி இரவு போகும். இரண்டும் சேர்ந்த அந்தப் பேப்பரில் இரண்டு தடவை பெயிலானேன்.

வீட்டில் சொல்லவில்லை. அப்பா இறந்ததும் எட்டாங் கிளாஸோடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுக் கலப்பையைப் பிடித்தவர் என் அண்ணன். எம்.ரெட்டியபட்டிப் பக்கம் எங்கள் ஊர். பருத்தியும் கம்பும் வானத்தை நம்பி, மிளகாய் மட்டும் கிணற்றை நம்பி. அவர் "என்னலே, பாஸா?" என்று கேட்டார். "பாஸுண்ணே" என்றேன். அன்றைக்கே அருப்புக்கோட்டை போய்க் காராச்சேவு வாங்கிவந்து தெரு முழுக்கக் கொடுத்தார். எனக்கும் ஒரு பொட்டலம். அதைப் பிரிக்காமலே தெருப் பையன் ஒருவனிடம் கொடுத்துவிட்டேன்.

மூன்றாவது தடவையும் கோட்டைவிட்டால் அடுத்த வருஷத்து வகுப்பில் ஏற முடியாது. பரீட்சைக்கு ஒரு வாரம் இருக்கும்போது ஊருக்கு வந்திருந்தேன். "ஸ்பெஷல் கிளாஸ் இருக்கு, வெள்ளிக்கிழமை போகணும்" என்று ஒரு பொய்யைச் சொல்லி வைத்திருந்தேன். பொய்க்கு மேல் பொய்.

அறுபதுகளின் கடைசி அது. எங்கள் கிணற்றுக்கு அப்போதுதான் கரண்ட் கிடைத்திருந்தது. தண்ணீர் அடியாழத்தில் கிடந்ததால் மோட்டாரைக் கிணற்றுக்குள்ளேயே பாதி ஆழத்தில் வைத்தால்தான் உறிஞ்சும். அங்கே இரண்டு பக்கமும் பாறை விளிம்பு இருந்தது. குறுக்கே உத்திரம் போட்டு அதன்மேல் மோட்டாரை உட்கார வைக்க வேண்டும். இரும்பு கர்டர் வர மூன்று வாரமாகும் என்றார்கள். மாடு கட்டி இறைத்த கமலையையோ மோட்டார் வருகிற குஷியில் பிரித்துப் போட்டாயிற்று. மிளகாய் பூவும் பிஞ்சுமாக நின்றது.

"கமலைக்கு நட்டிருந்த கல்லு ரெண்டும் சும்மாதான கெடக்கு. அதையே குறுக்க போட்டா என்ன?" என்றார் அண்ணன்.

மோட்டார் மாட்ட வந்த டவுன் ஃபிட்டர் கல்லைத் தட்டிப் பார்த்தார். "அண்ணாச்சி, உங்கப்பா காலத்துல இருந்து தண்ணி இறைக்கிற சாலோட பாரத்தைத் தாங்கி நின்ன கல்லு. மோட்டாரு எம்மாத்திரம்? எதுக்கும் நம்ம இன்ஜினியர் தம்பிய ஒரு வார்த்தை கேட்டுக்கிருவோம்."

அண்ணன் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் இருந்த பெருமை இருக்கிறதே, அதற்குப் பயந்துதான் நான் கெட்டேன். டேப்பை வைத்து அளந்தேன். கணக்குப் போடும் ஸ்லைடு ரூலை எடுத்து முன்னும் பின்னும் தள்ளினேன். கல்லின் பலம் என்னவென்று புத்தகத்தின் பின்பக்க அட்டவணையில் பார்த்தேன். பெரிய எண்ணாக இருந்தது. பத்து மோட்டார் வைக்கலாம் போல விடை வந்தது.

"தாராளமாத் தாங்கும்" என்றேன்.

அன்று சாயங்காலமே சங்கிலி கட்டி இரண்டு கல்லையும் இறக்கிக் குறுக்கே போட்டார்கள். மறுநாள் வெள்ளிக்கிழமை. பத்து மணிக்கு மோட்டாரை இறக்குவதாக ஏற்பாடு. எனக்கு மதுரையில் இரண்டு மணிக்குப் பரீட்சை. முதல் பஸ்ஸைப் பிடித்தேன்.

அருப்புக்கோட்டையில் மாறி ஏறி, மடியில் புத்தகத்தை விரித்தேன். கால் ஆடுகிறது, பக்கத்திலிருந்தவர் முறைக்கிறார், நான் பக்கம் பக்கமாகத் தள்ளுகிறேன். மறுபடி அந்த அட்டவணை கண்ணில் பட்டது. கல்லுக்கு நேரே இரண்டு எண்கள் இருந்தன. ஒன்று, நசுக்கினால் எவ்வளவு தாங்கும் என்பது. இன்னொன்று, இழுத்தால் எவ்வளவு தாங்கும் என்பது. அது முதல் எண்ணில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. நான் எடுத்தது முதல் எண்ணை!

அட கூறுகெட்டவனே! கல் நட்டமாக நின்றவரைக்கும் பாரம் அதை நசுக்கத்தான் செய்தது. அதைப் படுக்கப் போட்டு முதுகில் பாரம் வைத்தால் அடிவயிறு இழுபடும். இழுத்தால் கல் தாங்காது. இரும்பாவது வளைந்து காட்டும். கல் ஒரு வார்த்தை சொல்லாமல் இரண்டாகப் போகும். இதைத்தானே வாத்தியார் கரும்பலகையில் கத்திக் கத்திச் சொன்னார். நான் ஜன்னல் வழியே டீக்கடையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆனால் உடனே எழுந்துவிடவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். 'தாங்கினாலும் தாங்கும், பேசாமல் போய்ப் பரீட்சையை எழுது' என்று மனசு சொன்னது. ஒரு நிமிஷம் அதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்த ஒரு நிமிஷத்தை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது.

பாளையம்பட்டியில் பஸ் நின்றபோது இறங்கினேன். "ஏப்பா, மதுரை டிக்கெட்டுல்ல எடுத்த?" என்று கண்டக்டர் கத்தியது காதில் விழுந்தது. டவுன் பஸ்ஸில் அருப்புக்கோட்டைக்குத் திரும்பினால் எங்கள் பக்கம் போகும் பஸ் அப்போதுதான் போயிருந்தது. அடுத்ததற்குக் காத்து நிற்க என்னால் ஆகுமா? பருத்தி லோடு ஏற்றப் போன காலி லாரியில் தொற்றிக்கொண்டேன். ஊருக்குப் பாதை பிரியும் விலக்கில் இறங்கிக் கரிசல் காட்டுக்குள் குறுக்கே ஓடினேன். செருப்பு எங்கே போனது என்று தெரியாது.

கிணற்றுமேட்டில் ஃபிட்டரும் நாலு ஆட்களும் சங்கிலியைப் பிடித்திருந்தார்கள். மோட்டார் பாதி ஆழத்தில் தொங்கியது. கீழே அந்தக் கல்லின் நட்டநடுவில் அண்ணன் நின்று, இரண்டு கையையும் தூக்கி மோட்டாரை வாங்கக் காத்திருந்தார்.

"அண்ணே, ஏறி வந்துருங்க! கல்லு தாங்காது!"

அவர் அண்ணாந்து பார்த்தார். "மதுரைக்குப் போகலயா நீ?"

"ஏறி வாங்கண்ணே, காலைப் பிடிக்கேன்!"

படிக்கல் வழியாக மேலே வந்தார். துண்டால் முகத்தைத் துடைத்தார். "நேத்துத் தாராளமாத் தாங்கும்னியே?"

"கணக்குத் தப்புண்ணே."

"இன்ஜினியர் கணக்கு எப்படிலே தப்பும்?"

அத்தனை பேர் முன்னாலும் சொன்னேன். "நான் அந்தப் பாடத்துல பாஸாகலண்ணே. ரெண்டு தடவை பெயிலு. இன்னைக்கு மூணாந் தடவை. ஸ்பெஷல் கிளாஸுன்னு சொன்னது பொய்."

அண்ணன் முகத்தில் ரத்தம் செத்துப்போனது. அடித்திருந்தால்கூடத் தேவலை. "அப்ப நேத்துச் சொன்ன கணக்கும் பெயிலானவன் கணக்கு. இன்னைக்குச் சொல்றதும் பெயிலானவன் கணக்கு. நான் எதைலே நம்ப?" என்றார்.

"சோதிச்சுப் பாத்துருவோம் அண்ணாச்சி" என்றார் ஃபிட்டர். மோட்டாரை மேலே இழுத்துவிட்டு, சாக்குகளில் மண்ணை நிரப்பி ஒவ்வொன்றாகக் கல்மேல் இறக்கினார்கள். மோட்டார் எடை ஆனது. அதன்மேலும் வைத்தார்கள். இரண்டு மோட்டார் எடை ஆனது. உடைந்து தொலையேன், உடைந்து தொலையேன் என்று நான் உள்ளுக்குள் கெஞ்சுகிறேன். சனியன் பிடித்த கல் அசையக்கூட இல்லை.

"பாத்தீகளா? தம்பி படிச்சுப் படிச்சுப் பயந்துட்டாக. இறங்குங்கண்ணாச்சி" என்று ஃபிட்டர் சிரித்தார். ஆட்களும் சிரித்தார்கள்.

அண்ணன் சிரிக்கவில்லை. "இப்ப என்ன சொல்றே?"

"மோட்டாரு ஓடுனா அதிரும்ணே. இன்னைக்குத் தாங்கும், என்னைக்கு ஒடியும்னு தெரியாது. ஒடிஞ்சா முன்னாடி சொல்லிட்டு ஒடியாது. அந்தக் கல்லுல ஏறாதீகண்ணே."

"பரீட்சை எத்தனை மணிக்கு?"

"ரெண்டு மணிக்கு."

அவர் தலையைத் தூக்கி வெயிலைப் பார்த்தார். பிறகு மிளகாய்த் தோட்டத்தைப் பார்த்தார். "கல்லை மேல தூக்குங்கப்பா" என்றார்.

"தாங்குதுல்ல அண்ணாச்சி!"

"தாங்கட்டும். பரீட்சைய விட்டுட்டு ஒருத்தன் ஓடியாந்திருக்கான்ல."

இரும்பு வரும்வரை கிணற்றிலிருந்து குடம் குடமாகத் தண்ணீர் சுமந்தோம். பாதி மிளகாய்க்கு மேல் கருகிப்போனது. அந்த மூன்று வாரமும் அண்ணன் என்னோடு பேசவில்லை. "குடத்தை எடு" என்பதோடு சரி. எனக்கு ஒரு வருஷம் போனது. அப்புறம் பாஸானேன், வேலைக்குப் போனேன், எத்தனையோ பாலங்களுக்குக் கணக்குப் போட்டேன். ஆனால் அன்றைக்கு மோட்டாரை வைத்திருந்தால் அந்தக் கல் ஒடிந்திருக்குமா, இல்லை மிளகாயைச் சும்மாதான் காயவிட்டோமா என்பது மட்டும் இன்றுவரை தெரியாது. தெரியாமலே கால் ஆடிக்கொண்டிருக்கிறது.

பிற்பாடு அண்ணன் மனைவி, எங்கள் மதினி, அந்தக் கற்களில் ஒன்றை ஆள் வைத்து வாய்க்காலுக்குக் குறுக்கே போட்டுவிட்டார்கள். ஆடு போகும், மாடு போகும், களையெடுக்க வந்தவர்கள் கூட்டமாகப் போவார்கள். அண்ணன் மட்டும் வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு வாய்க்காலைத் தாண்டித்தான் போவார். வயசாகி, தாண்டமுடியாமல் தண்ணீரில் இறங்கிப் போன நாளில் எனக்குப் பொறுக்கவில்லை.

"வாய்க்கா ரெண்டு முழம் அகலம்கூட இல்லண்ணே. இதுக்கெல்லாம் நல்லாத் தாங்கும், ஏறி வாங்க" என்றேன்.

முழங்கால் தண்ணீரில் நின்றபடி திரும்பிப் பார்த்தார். "ஏலே, நீ ஏறாதீகன்னு சொன்ன கல்லு அது" என்றார்.