தொடாதே அண்ணன்

எங்கள் அருங்காட்சியகத்தின் இரண்டாவது கூடத்தில், ஒரே வார்த்தையை இருபத்திரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்த காவலர் அவர். 'தொடாதே.' பெரியவர்கள் என்றால் 'தொடாதீங்க'. அதுவே பெயராக ஒட்டிக்கொண்டது. பள்ளிப் பிள்ளைகளுக்குத் தொடாதே மாமா, டிக்கெட் கவுண்டரில் இருக்கும் எனக்குத் தொடாதே அண்ணன். வாய் நீளம் என்று எனக்கும் ஒரு பெயர் உண்டு, அதை விடுங்கள். ஊருக்குச் சொன்னதை அவர் தானும் கடைப்பிடித்தார். கண்ணாடியைத் துடைப்பாரே தவிர, உள்ளே இருக்கும் ஒரு பொருள்மீதும் அவர் விரல் பட்டதில்லை.

அந்தக் கூடத்தில் உள்ளங்கை அளவில் ஒரு கல் உண்டு. நடுவில் துளை, ஒரு ஓரம் தேய்ந்திருக்கும். பக்கத்து அட்டையில் 'பயன் தெரியவில்லை' என்று எழுதியிருக்கும். பிள்ளைகள் அதைத்தான் அதிகம் கேட்பார்கள். யாருக்கும் தெரியாத கல் என்று இவர் அலுக்காமல் பதில் சொல்வார்.

டியூப் லைட் மாற்ற ஆள் வரவில்லை என்று தானே ஏணியில் ஏறியதுதான் வினை. விழுந்தவரின் பின்மண்டை ஒரு சிலையின் பீடத்தில் மோதியது. முதன்முதலாக ஒரு காட்சிப் பொருளைத் தொட்டது அண்ணனின் பின்மண்டைதான் என்று ஆஸ்பத்திரியில் போய்ச் சொன்னேன். அண்ணி முறைத்தார். அண்ணன் சிரித்தார். குரலை வைத்துத்தான் நான் யார் என்று கண்டுபிடித்தார் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

கண்ணில் ஒரு கோளாறும் இல்லை. டாக்டர் ஒரு சீப்பைக் காட்டினால், நீளமாக இருக்கிறது, ஒரு பக்கம் வரிசையாகக் கோடுகள் என்று பிசகாமல் சொன்னார். பார்த்து வரையச் சொன்னால் அச்சாக வரைந்தார். என்ன பொருள் என்றால் மட்டும் தெரியாது. கையில் கொடுத்த அடுத்த நொடியே 'சீப்பு' என்றார். கண் பார்த்ததை இன்னதென்று அறியும் வழி மூளையில் அடைபட்டுவிட்டது, கை வேறு வழியாகப் போய்ச் சேர்ந்துவிடுகிறது என்று டாக்டர் விளக்கினார். எழுத்தும் வெறும் கோடுகளாகிவிட்டது.

வீட்டில் எல்லாவற்றையும் தடவித் தடவிச் சமாளித்தார். தோற்றது கல்யாண ஆல்பத்திடம்தான். ஒவ்வொரு பக்கமாகத் தடவிவிட்டு, எல்லாம் ஒரே வழுவழுப்பாக இருக்கிறது என்று மூடி வைத்தாராம். இதைச் சொல்லும்போது அண்ணிக்குக் குரல் உடைந்தது. நானும் கூடவே அழுதேன். நான் அழுது பார்த்தவர்கள் குறைவு.

ஆனாலும் என் புத்தி சும்மா இருக்குமா? ஒருநாள் கவுண்டருக்கு வந்தவரிடம் என் மேஜை டிராயரையே கவிழ்த்தேன். ஸ்டேப்லரைப் பார்த்து, ஏதோ வாய் பிளந்து படுத்திருக்கிறது என்றார். தொட்டதும் சரியாகச் சொன்னார். அதைவிட விசித்திரம் ஒன்று இருந்தது. பார்த்துக்கொண்டே தொட்டால் சில நேரம் தடுமாறினார், கண்ணை மூடினால் கடகடவென்று சொன்னார். ஏன் என்று கேட்டேன்.

"கண்ணு நடுவுல பேசுது தங்கச்சி. கை பாவம், அது சொல்றது காதுல விழ மாட்டேங்குது."

நான்கு மாதம் கழித்து, அவர் வேலைக்குத் திரும்பலாமா வேண்டாமா என்று முடிவு செய்ய எங்கள் தலைவரான காப்பாட்சியர் ஒரு நாள் குறித்தார். வீட்டோடு உட்கார்ந்தால் மனுஷன் கரைந்துபோவார் என்று அண்ணி பயந்தார். என் பயம் வேறு. அந்தக் கூடமே கண்ணாடி. இவருக்கோ கைதான் கண். போதாக்குறைக்கு வெள்ளையடித்தபோது எல்லாவற்றையும் இடம் மாற்றியிருந்தார்கள், நினைவில் இருந்த வரிசையும் உதவாது.

அன்று கவுண்டரைப் பூட்டிவிட்டு, அண்ணியோடு நானும் பின்னாலேயே போனேன். முதல் அலமாரியில் பூட்டு. இது என்ன என்று காப்பாட்சியர் கேட்க, உருண்டையா, கறுப்பா, மேல ஒரு வளைவு என்றார் அண்ணன். அதற்குமேல் வரவில்லை. இரண்டாவதில் மணி, மூன்றாவதில் விளக்கு, மூன்றிலும் அதே கதை. காப்பாட்சியர் யோசித்தபடி, கண்ணாடி இல்லாமல் நின்ற பெரிய ஜாடிமேல் சாய்ந்துகொள்ளக் கையை நீட்டினார்.

"தொடாதீங்க சார்."

காப்பாட்சியர் கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டார். ஜாடி என்று தெரியவில்லை, கை போவது மட்டும் தெரிகிறதா என்று கேட்டார்.

"கை போறது நல்லாத் தெரியுது சார். இத்தனை வருஷமா அதைத்தானே பார்த்துக்கிட்டு இருந்தேன்."

காப்பாட்சியருக்குச் சிரிப்பு வந்தது. அத்தோடு விட்டிருக்கலாம். கை எல்லாவற்றையும் அறியும் என்கிறார்களே, அதையும் பார்த்துவிடலாம் என்று அண்ணனைக் கை கழுவி வரச் சொன்னார். சாவி போட்டு அலமாரியைத் திறந்து ஒன்றை எடுத்தார். அத்தனை பொருள் இருக்க, அந்தத் துளைக் கல்லைத்தான் எடுத்திருந்தார். வேண்டுமென்றே எடுத்தாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அண்ணன் கண்ணை மூடிக்கொண்டார். கட்டைவிரல் துளைக்குள் போய் வந்தது. தேய்ந்த ஓரத்தை மெல்ல நீவினார். திருப்பினார், கனம் பார்த்தார். நேரம் போய்க்கொண்டே இருந்தது.

"கைக்கும் தெரியலை சார்," என்றார்.

அண்ணி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். காப்பாட்சியர் கல்லை வாங்கக் கை நீட்டினார். அண்ணன் கொடுக்கவில்லை. மூடிய கண்ணோடு மறுபடி ஒரு சுற்றுத் தடவினார். அவர் முகத்தில் மெதுவாகச் சிரிப்பு பரவியது. நான்கு மாதத்தில் அப்படி ஒரு சிரிப்பை நாங்கள் பார்க்கவில்லை.

"கைக்கே தெரியலைன்னா, இந்தக் கூடத்துல அப்படி ஒண்ணே ஒண்ணுதான் சார் இருக்கு. யாருக்கும் தெரியாத கல். இது என் மண்டைக் கோளாறு இல்லை."

திங்கட்கிழமை காலை வேலைக்கு வந்துவிடுங்கள் என்றார் காப்பாட்சியர். அண்ணி அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். அண்ணன் காதில் எதுவும் விழுந்ததாகத் தெரியவில்லை. கல்லை விடுவதாகவும் இல்லை. காப்பாட்சியர் இரண்டு தரம் கேட்டுப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

நான்தான் பக்கத்தில் போய்ச் சொல்ல வேண்டியிருந்தது.

"அண்ணே, தொடாதீங்க."