தோல் உரிந்த மரம்

தொண்ணூற்றெட்டில் அமெரிக்காவில், டெக்சாஸ் ரிச்சர்ட்சனில் வீடு வாங்கினோம். வாசலில் ஒரே ஒரு பெரிய மரம். விற்றுக் கொடுத்த அம்மாள் அதைச் சிகமோர் என்றாள். என் கணவர் அந்தப் பெயரை ஊரில் இருந்த எல்லோருக்கும் போன் போட்டுச் சொன்னார்.

ஜூலை வந்ததும் சிகமோருக்குப் பட்டை உரிய ஆரம்பித்தது. அப்பளம் அப்பளமாகப் புல்லில் விழுந்தது. உள்ளே வெளேரென்று திட்டுத் திட்டாகத் தெரிந்தது. கணவருக்குச் சோறு இறங்கவில்லை.

சனிக்கிழமை எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்த திருநெல்வேலி அங்கிள் தோல் டாக்டர். கை கழுவின கையோடு மரத்தை நகத்தால் சுரண்டிப் பார்த்தார்.

"பங்கஸ்தான் தம்பி. வேப்பெண்ணெய் அப்ளை பண்ணுங்க."

மனிதருக்குக்கூட அவர் அவ்வளவு சீக்கிரம் மருந்து சொல்லி நான் பார்த்ததில்லை.

மறுநாள் காலை கணவர் ஏணி போட்டு ஏறினார். ஹூஸ்டனில் வாங்கி வைத்திருந்த இரண்டு பாட்டிலையும் பழைய பனியனால் மரத்தில் தேய்த்தார். தெருவே நாறியது. எதிர்வீட்டுக் கிழவி மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடிவந்தாள். எங்காவது கேஸ் லீக் ஆகிறதா என்று கேட்டாள்.

"எங்க சிகமோருக்கு உடம்பு சரியில்லை" என்றார் கணவர், ஆங்கிலத்தில், மிகுந்த துக்கத்தோடு.

அவள் சிரித்தாள். சிகமோரை அவர்கள் பட்டன்பால் மரம் என்றுதான் சொல்வார்களாம், கோடையில் இப்படித்தான் உரியும், ஒன்றும் ஆகாது என்றாள். காலை ஓட்டத்தில் அந்த வழியாக வந்த ஒரு இங்கிலாந்துக்காரர் நின்றார். அவர் கணவரின் ஆபீஸ்தான். உரிவது இயல்பு என்பதை அவரும் ஒப்புக்கொண்டார். ஆனால் மரத்தின் பெயர் பிளேன் என்றார். பிளேன் என்றதும் என் கணவர் வானத்தை அண்ணாந்து பார்த்தார். சிகமோர் என்பது தங்கள் ஊரில் வேறு மரம் என்று இங்கிலாந்துக்காரர் விளக்க, கிழவி அவரை அந்த ஊருக்கே போய்ப் பார்க்கச் சொன்னாள். எங்கள் புல்லில் நின்று அரைமணி நேரம் சண்டை. நான் இருவருக்கும் காபி கொடுத்தேன்.

டாக்டர் அங்கிளுக்குப் போன் போட்டேன்.

"நார்மல்தாம்மா. நான் சும்மா ஒரு சேப்டிக்குத்தான் சொன்னேன்" என்றார், கொஞ்சமும் கூசாமல்.

திங்கட்கிழமை ஆபீஸ் மீட்டிங்கில் கணவருக்கு இரு பக்கமும் யாரும் உட்காரவில்லையாம். மரத்தில் எண்ணெய் பட்ட இடம் மட்டும் பிசுக்கேறிக் கறுத்துப்போனது. இப்போதுதான் மரத்துக்கு உண்மையிலேயே ஏதோ சீக்கு வந்த மாதிரி இருந்தது.