ஒன்பது கிராம், நாற்பதாவது இடம்

கமா அக்காவை உங்களுக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. ஆஸ்பத்திரியின் பின்பக்கம், எக்ஸ்ரே அறையைத் தாண்டி, உடைந்த சக்கர நாற்காலிகளை நிறுத்தி வைத்திருக்கும் வராண்டாவின் கடைசியில் இருக்கிறது எங்கள் புள்ளிவிவரப் பிரிவு. பிரிவு என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். ஒரே அறை, இரண்டு கம்ப்யூட்டர், நாங்கள் இரண்டு பேர். நான் கார்டுகளைப் பார்த்து டைப் அடிப்பவள். நான் அடித்ததை வைத்துக் கணக்குப் போடுபவர் அவர்.

கமா அக்கா என்பது நான் வைத்த பெயர். அவர் கணக்குப் போடுவது ஆர் என்ற கம்ப்யூட்டர் மொழியில். அதில் ஒரு கமா விட்டுப்போனாலும் வேலை நின்றுவிடும். அதைத் தேடுவதற்காக, கம்ப்யூட்டருக்கு எழுதிய நிரலைத் தாளில் அச்செடுத்து, ஸ்கேலை வரிக்கு வரி நகர்த்தி, உதட்டை அசைத்துப் படித்துக்கொண்டிருப்பார். ஒருநாள் "என்னக்கா, கமா கிடைச்சுதா?" என்றேன். அன்றிலிருந்து துப்புரவுப் பணியாளர் வரைக்கும் அவர் கமா அக்காதான்.

பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்தவர். நாற்பது வயதில் தொண்டை கெட்டுப்போய் டீச்சர் வேலையை விட்டார். புத்தகம் வாங்கி, ஞாயிற்றுக்கிழமைகளில் சமையலறை மேடையில் விரித்து வைத்து, தானாகவே இந்த மொழியைக் கற்றுக்கொண்டார். பன்னிரண்டு வருடமாக எங்கள் பிரிவிலிருந்து போன அறிக்கை ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. அந்தப் பெருமையை வாயால் சொல்லமாட்டார். ஆனால் கவரின்மேல் கையெழுத்துப் போடும்போது நிமிர்ந்து உட்காருவார், பார்த்தாலே தெரியும்.

அவர் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். "என் மிஷின் கெட்டுப்போனா நடுவுல நின்னுடும், உள்ள இருக்கிறவங்க கத்துவாங்க. உன் மிஷின் கெட்டுப்போனா நிக்காது, அது பாட்டுக்குப் போய்க்கிட்டே இருக்கும்" என்று கிண்டல் செய்வாராம். அக்கா இதை என்னிடம் சொல்லிச் சிரித்திருக்கிறார். நானும் சிரித்தேன்.

அந்த வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கு விசிட் சிஸ்டர் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். எடை குறைவாகப் பிறந்த குழந்தைகளின் வீடுகளுக்குப் போகும் நர்ஸ் அவர். தோளில் தராசுப் பையோடு இரண்டு மாதம் வாரா வாரம் போவார். எடை பார்ப்பார், பால் கொடுக்கச் சொல்லித் தருவார், தாயைத் தூங்கச் சொல்லிவிட்டுக் குழந்தையை அவரே வைத்துக்கொள்வார். இந்த விசிட்டால் பலன் உண்டா என்று பார்க்க, பாதிக் குழந்தைகளின் வீட்டுக்குப் போனார்கள், மறுபாதியை வழக்கம்போல் ஆஸ்பத்திரிக்கு வரச் சொன்னார்கள். ஒரு வருடம், நானூற்றுப் பன்னிரண்டு குழந்தைகள். ஒவ்வொரு கார்டிலும் ஒரு கட்டம்: ஒரு நாளைக்கு எத்தனை கிராம் ஏறியது என்று.

போன வாரம் அக்கா அறிக்கை கொடுத்திருந்தார். சிஸ்டர் வீட்டுக்குப் போன குழந்தைகளுக்கு ஒரு நாளைக்குச் சராசரி பத்தொன்பது கிராம், போகாத குழந்தைகளுக்கு இருபது. பலன் இல்லை. அறிக்கை போன அன்றே விசிட்டை நிறுத்திவிட்டார்கள். இன்று மூன்று மணிக் கூட்டத்தில் திட்டத்தையே மூடுவதாக இருந்தது.

"மேடம், அந்தக் குழந்தைங்களை நான் கையில தூக்கினவ" என்றார் சிஸ்டர். "எலிக்குஞ்சு மாதிரி இருந்தது எல்லாம் என் கண்ணு முன்னாடி உருண்டு திரண்டு வந்துச்சு. ஏறலைன்னு எப்படி எழுதினீங்க?"

"நான் எழுதலை சிஸ்டர். கணக்கு சொல்லுது."

"அப்ப உங்க கணக்கு பொய் சொல்லுது."

எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. கமா அக்காவைப் பார்த்துப் பொய் என்பதா? "கையில தூக்கிப் பாத்தா அது புள்ளிவிவரம் ஆயிடுமா?" என்று நான்தான் வாயைக் கொடுத்தேன். அக்கா கையை உயர்த்தி என்னை அடக்கினார். "மூணு மணி வரைக்கும் டைம் இருக்கு. உக்காருங்க. திரும்பப் பாக்குறேன்" என்றார்.

முதலில் குழந்தைகளின் எண்ணைப் பார்த்தார். கார்டில் 007 என்று இருக்கும், கம்ப்யூட்டர் முன்னாலிருக்கும் பூஜ்யங்களை முழுங்கிவிட்டு 7 என்று வைத்துக்கொள்ளும். இரண்டு பட்டியலை இணைக்கும்போது ஆள் மாறிப்போகும். மாறவில்லை. அடுத்து இரட்டைக் குழந்தைகள், பதினோரு ஜோடி. ஒரே தாயின் எண் என்பதால் ஒருவேளை இரண்டு தடவை எண்ணியிருக்குமோ என்று பார்த்தார். இல்லை. தேதிகளில் நாளும் மாதமும் இடம் மாறியிருந்தது ஏழு வரிகளில். முகம் மலர்ந்தது. திருத்திவிட்டு நிரலை மறுபடி ஓட்டினார். பத்தொன்பது, இருபது. அசையவே இல்லை.

மணி பன்னிரண்டு. நிரலை ஓட்டும்போது சிவப்பு எழுத்தில் ஒரு பிழைச்செய்தி வந்தால்கூட அவருக்கு ஆறுதலாக இருந்திருக்கும். ஒன்றுமே வரவில்லை. அதுபாட்டுக்கு ஓடி, பத்தொன்பது, இருபது என்று சொல்லிவிட்டு, அடுத்து என்ன என்பதுபோல் காத்துக்கொண்டிருந்தது. அக்கா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்ததையே மறுபடி துடைத்தார். வீட்டுக்காரர் போன் செய்தார், தினமும் செய்வார், சாப்பிட்டாயா என்று கேட்க. எடுக்காமல் கவிழ்த்து வைத்தார்.

"ஒருவேளை நிஜமாவே பலன் இல்லையோ என்னவோ" என்றேன் நான். சிஸ்டர் என்னை முறைத்தார். அக்கா திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "அப்படி இருந்தா எனக்குச் சந்தோஷம்தான்மா. ஆனா அவங்க பொய் சொல்ற ஆள் மாதிரி தெரியலையே" என்றார்.

ஒன்றரை மணிக்கு அலமாரியிலிருந்து கார்டுக் கட்டை எடுக்கச் சொன்னார். "நான் அடிச்சதைத்தான் ரெண்டு தடவை சரி பாத்தோமேக்கா, கார்டும் கோப்பும் ஒண்ணுதான்" என்றேன்.

"கோப்பு வேண்டாம். உள்ள இந்த நிரல் என்ன வெச்சிருக்குன்னு பாக்கணும். நீ கார்டைப் படி. நான் இங்க இருக்கிறதைச் சொல்றேன்."

படித்தேன். "பன்னிரண்டு."

"மூணு" என்றார்.

நான் நிமிர்ந்தேன். அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "அடுத்தது படி."

"பதினேழு."

"எட்டு."

"முப்பத்தொண்ணு."

"இருபத்திரண்டு." எல்லாமே ஒன்பது குறைந்திருந்தது. சிஸ்டர் எழுந்து வந்து என் தோளுக்குப் பின்னால் நின்றார். அடுத்த கார்டு, சிஸ்டர் வீட்டுக்குப் போகாத குழந்தையுடையது. "ஒன்பது" என்றேன்.

அக்காவின் உதடு மட்டும் அசைந்தது. நான் எட்டிப் பார்த்தேன். நாற்பது என்று இருந்தது.

அந்த மொழிக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டாம். ஒரு பத்தி முழுக்க எண்களாக இருந்து, அதில் ஒரே ஒரு இடத்தில் எழுத்து இருந்தாலும், ஓகோ, இதெல்லாம் பெயர்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்ளும். பெயர்களை அடுக்குவதுபோல் முதல் எழுத்தைப் பார்த்து அடுக்கும். எங்கள் கார்டுகளில் இருந்தது ஐந்து முதல் நாற்பத்துநான்கு வரை. அப்படி அடுக்கினால் பத்துதான் முதலில் வரும், ஒன்றில் ஆரம்பிக்கிறதல்லவா. பதினொன்று இரண்டாவது, பன்னிரண்டு மூன்றாவது. இப்படியே போய் நாற்பத்துநான்கு முப்பத்தைந்தாவது. அதற்கும் பின்னால்தான் ஐந்து, ஆறு, ஏழு, எட்டு, ஒன்பது. இதையெல்லாம் எண்ணாக மாற்று என்று சொன்னால், உள்ளே இருக்கும் எண்ணைக் கொடுக்காமல் வரிசையில் எத்தனையாவது என்பதைத் தூக்கிக் கொடுத்துவிடும். புதிய பதிப்பில் இந்தப் பழக்கத்தை விட்டுவிட்டதாம். எங்கள் கம்ப்யூட்டரில் இருந்தது பழசு.

அதாவது ஒரு நாளைக்கு ஒன்பது கிராம் மட்டும் ஏறி, செத்தேன் பிழைத்தேன் என்று கிடந்த குழந்தை நாற்பது கிராம் ஏறியதாகக் கணக்கு. வீட்டுக்குப் போகாத பக்கத்தில் மூன்றில் ஒரு குழந்தை அப்படிக் கிடந்திருக்கிறது. இளைத்துக் கிடந்ததையெல்லாம் கொழுத்ததாகக் காட்டி, இரண்டு பக்கத்தையும் அழகாகச் சமன் செய்து வைத்திருந்தது.

"எழுத்து எங்க இருக்கு?" என்று அக்கா தேடினார். இருநூற்று அறுபத்துமூன்றாவது வரி. 'தராசு ரிப்பேர்' என்று இருந்தது.

அடித்தது நான். வெளிநோயாளர் பிரிவில் அன்றைக்குத் தராசு வேலை செய்யவில்லை, யாரோ கட்டத்துக்குள் அப்படி எழுதிவிட்டார்கள். கார்டில் இருப்பதை இருப்பதுபோல் அடி, நீயாக எதையும் சேர்க்காதே, எதையும் விடாதே என்பது எங்கள் அறையின் சட்டம். அடித்தேன். எடையே பார்க்காத அந்தக் குழந்தைக்கு நாற்பத்தொன்று, நானூற்றுப் பன்னிரண்டு பேரிலும் அதுதான் முதலிடம்.

"நான் அந்தக் கட்டத்தைக் காலியா விட்டிருக்கணும்கா" என்றேன்.

"விட்டிருந்தா அது அரைகுறைக் கோப்பு. நீ இருந்ததைத்தானே அடிச்ச? எண்ணா மாத்தறதுக்கு முன்னாடி ஒரு தடவை பாத்திருக்க வேண்டியது நான்." திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது எனக்கு.

ஒரே வரியைத் திருத்தினார். முதலில் எழுத்தாக மாற்று, பிறகு எண்ணாக மாற்று. அவ்வளவுதான். ஓட்டினார். வீட்டுக்குப் போன குழந்தைகளுக்கு இருபத்தாறு கிராம். போகாத குழந்தைகளுக்குப் பதினாறு. சிஸ்டர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். அக்கா அழவில்லை. அச்சு இயந்திரத்தில் தாள் சிக்கிக்கொண்டது, அதைப் பிடுங்கும்போது விரலைக் கிழித்துக்கொண்டார். மணி இரண்டு ஐம்பது.

வராண்டாவில் மூவரும் ஓடினோம். ஐம்பத்திரண்டு வயதில் அவர் ஓடி நான் பார்த்தது அன்றைக்கு மட்டும்தான். கூட்ட அறைக்குள் அவரை விட்டார்கள். நானும் சிஸ்டரும் கதவுக்கு வெளியே நின்றோம். கதவு சரியாகச் சாத்தாததால் எல்லாம் கேட்டது.

கூட்டத்தை நடத்திய பெரிய டாக்டர் கெட்டவர் இல்லை. போன வார அறிக்கை, இன்றைய அறிக்கை இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்திருப்பார் போல, தாள் புரளும் சத்தம் கேட்டது. பிறகு, "போன வாரம் பலன் இல்லைன்னு நீங்கதான் கையெழுத்துப் போட்டிருக்கீங்க. இன்னைக்குப் பலன் இருக்குன்னும் நீங்கதான் போட்டிருக்கீங்க. அடுத்த வாரம் என்னம்மா சொல்லுவீங்க?" என்றார்.

"தப்பு எங்கன்னு காட்டறேன் சார். ஒரே வரிதான்."

"அது எனக்குப் புரியாது. புரியாததை நான் எப்படி நம்பறது? டைப்பிங்ல நடந்த தப்பா?"

உள்ளே போய் நான்தான் என்று சொல்லியிருக்கலாம். போகவில்லை. இன்றுவரைக்கும் அதை நினைத்தால் எனக்கே என்மேல் அருவருப்பாக இருக்கிறது.

"இல்லை சார். என்னோட தப்பு. முழுசா என்னுது."

"அப்படின்னா வெளியில ஒருத்தரை வெச்சு எல்லாத்தையும் சரி பாக்கச் சொல்றேன். மூணு மாசம் ஆகும். அதுவரைக்கும் திட்டத்தை மூடவும் வேண்டாம், நடத்தவும் வேண்டாம். விசிட் நிறுத்தினது நிறுத்தினபடியே இருக்கட்டும்."

"சார், அந்த மூணு மாசம்..." என்று அக்கா ஆரம்பித்தார். நாற்காலிகள் நகரும் சத்தத்தில் மீதி அமுங்கிவிட்டது. எல்லாரும் எழுந்துவிட்டார்கள்.

அறைக்குத் திரும்பி வந்தோம். திருத்திய நிரல் திரையில் அப்படியே இருந்தது. அக்கா நாற்காலியில் உட்கார்ந்து விரலிலிருந்த ரத்தத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் தண்ணீர் கொடுத்தேன், வாங்கி மேசையில் வைத்துவிட்டார். சிஸ்டர் தராசுப் பையை மடியில் வைத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்திருந்தார். காலையில் இருந்த கோபம் எங்கே போனதோ.

"மேடம்" என்றார் கடைசியில். "இந்த மூணு மாசம் பிறக்கப் போற குழந்தைங்களை உங்க கணக்குல எந்தப் பக்கம் சேப்பீங்க?"

அக்கா விசைப்பலகையைத் தள்ளி வைத்தார்.

"போகாத பக்கம்" என்றார்.