ஒரு போத்தல் தண்ணீர்

"…நீங்கள் சொன்ன மாதிரித்தான் அண்ணை கரைச்சனான். ஒரு பைக்கற் ஜீவனி, ஒரு போத்தல் கொதிச்சாறின தண்ணி. கூடவுமில்லை, குறையவுமில்லை. பிறகேன் பிள்ளை தண்ணி தண்ணி எண்டு அந்தரப்படுது?"

கேட்டவள் குருநகர்ப் பெண். போருக்குப் பயந்து கடற்கரையை விட்டு ஓடிவந்த குடும்பங்கள் மருதனார்மடத்தில் என் தேத்தண்ணிக் கடைக்கு எதிரே இருந்த பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்த காலம் அது. வகுப்பறைக்கு நான்கு குடும்பம், எல்லோருக்குமாக ஒரே ஒரு கிணறு. வயிற்றோட்டம் வராமல் என்ன செய்யும்? அவளுடைய மகளுக்கு ஒன்றரை வயது. முதல்நாள் காலையிலிருந்து வயிற்றாலே போய்க்கொண்டிருந்தது. உதடு வெடித்து, கண் உள்ளே போய், அழுதாலும் கண்ணீர் வரவில்லை.

வயிற்றோட்டத்துக்குக் கரைத்துக் கொடுக்கும் உப்புச் சீனித் தூள்தான் ஜீவனி. அந்தப் பைக்கற்றை முதல்நாள் வாசித்துக் காட்டியவன் நான். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் என்றாலும் அச்சடித்த எதையும் விடமாட்டேன். வாசித்ததைச் சும்மா ஒப்புவிக்கவும் மாட்டேன், சனத்துக்கு விளங்கும்படி சொல்வேன் என்று எனக்கு ஒரு பெருமை. பைக்கற்றில் ஒரு லீற்றர் என்றுதான் இருந்தது. எங்கள் பக்கத்தில் அப்போது யார் லீற்றர் கதைத்தார்கள்? நல்லெண்ணெய் போத்தல், பால் போத்தல், மண்ணெண்ணெயும் போத்தல். "ஒரு போத்தல் தண்ணியிலை முழுப் பைக்கற்றையும் போடு தங்கச்சி" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

இப்போது பிள்ளை கோப்பையைப் பறித்துக் குடிப்பதும் சத்தி எடுப்பதுமாக இருந்தது. எனக்கு ஒன்றும் ஓடவில்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு போய், அந்தப் பகுதிக்குப் பொறுப்பான மருத்துவிச்சியை, எங்கள் வாயில் மிஸ்ஸியை, கூட்டிவந்தேன். மிஸ்ஸி பிள்ளையின் நாக்கைப் பார்த்தார், வயிற்றுத் தோலை மெல்லக் கிள்ளி விட்டுப் பார்த்தார். பிறகு கரைத்து வைத்திருந்ததில் ஒரு கரண்டி எடுத்துத் தன் வாயில் விட்டவர் முகத்தைச் சுளித்தார்.

"உது கண்ணீரை விட உப்பாயெல்லோ கிடக்கு. எந்தப் போத்தலிலை அளந்தனீர்?"

அவள் சுவரோரம் நின்ற போத்தலைக் காட்டினாள். சாராயப் போத்தல்.

"உதுக்குள்ளை முக்கால் லீற்றர்தான் பிடிக்கும். கால் லீற்றர் தண்ணி எங்கை? உப்புக் கூடினால் பிள்ளைக்கு இன்னும் தாகம்தான் எடுக்கும், ஆபத்தும் கூட. ஆர் உப்பிடிச் சொன்னது?"

அவள் என்னைப் பார்க்காமல் நிலத்தைப் பார்த்தாள். அந்த மரியாதைதான் என்னைச் சுட்டது. "நான்தான் மிஸ்ஸி" என்றேன்.

"நல்லது. தேத்தண்ணிக்குச் சாயம் கூடினால் சனம் உங்களைப் பேசும். இது பேசத் தெரியாத பிள்ளை."

மிச்சத்தைக் கொட்டச் சொன்னபோது அவளுக்கு மனமில்லை. ஒரு பைக்கற்றுக்கு எத்தனை இடம் அலையவேண்டியிருந்தது அந்த நாளில்! மிஸ்ஸி தானே வாங்கி முற்றத்தில் ஊற்றிவிட்டுத் தன் பையிலிருந்து புதிதாக ஒன்றை எடுத்தார். பக்கத்துக் குடும்பத்திடம் கோடு போட்ட பால்போத்தல் ஒன்று இருந்தது. அதில் இருநூற்றைம்பது என்ற கோடுவரை நான்கு முறை அளந்து, என் கடையில் கொதித்து ஆறியிருந்த தண்ணீரைச் சட்டியில் விட்டுக் கரைத்தோம்.

"கரைச்ச பிறகு கொதிக்க வைக்கக்கூடாது. சீனி, உப்பு ஒண்டும் சேர்க்கக்கூடாது. மூடி வையுங்கோ, நாளைக்கு இந்நேரம் மிச்சம் இருந்தால் ஊத்திப்போட்டுப் புதுசாக் கரையுங்கோ. கோப்பையாலை வேண்டாம், கரண்டியாலை. சத்தி எடுத்தால் பத்து நிமிஷம் பொறுத்துத் திரும்பக் குடுங்கோ. முலைப்பாலை நிப்பாட்டாதேங்கோ. பின்னேரத்துக்குள்ளை சலம் போகாட்டி ஆசுப்பத்திரிதான். பிள்ளை சோர்ந்து கண்ணைச் செருகினால் அதுவரைக்கும் பாக்காதேங்கோ, உடனை கொண்டு ஓடுங்கோ."

மிஸ்ஸி போனபின் நான் சைக்கிளை வாசலிலேயே விட்டுவிட்டு உள்ளே குந்தினேன். கடையில் ஆளில்லை, இருந்தென்ன. ஒரு கரண்டி, கொஞ்சம் பொறுத்து இன்னொரு கரண்டி. அவள் ஊட்டும்போது நானும் வாயைத் திறந்து திறந்து மூடியிருக்கிறேன் போலிருக்கிறது.

"உங்களுக்கும் வேணுமோ அண்ணை?" என்றாள்.

மத்தியானம் ஒருமுறை சத்தி. பொறுத்தோம், மறுபடி தொடங்கினோம். வெயில் சாயத் தொடங்கியபோது பிள்ளை சிணுங்கியது, அந்தச் சிணுங்கலோடு ஒரு துளி கண்ணீர். கொஞ்ச நேரத்தில் அவளுடைய சீத்தைச் சேலை மடியெல்லாம் நனைந்தது.

"மாதாவே, சலம் போட்டுது!" என்றாள். வேறு நாளென்றால் சேலைக்காகப் பிள்ளையைப் பேசியிருப்பாள்.

நான் மூச்சு விட்டேன். அவள் விடவில்லை. என்னையே பார்த்தாள்.

"அண்ணை, நேற்று வேறை ஆருக்கும் உந்தப் போத்தல் கணக்கைச் சொன்னனீங்களோ?"

சொல்லியிருந்தேன். கடைசி வகுப்பறையில் இரண்டு தாய்மாருக்கு.

ஈரப் பிள்ளையை என் மடியில் வைத்தாள். கரண்டியை என் கையில் தந்தாள். பால்போத்தலைத் தூக்கிக்கொண்டு கடைசி வகுப்பறைக்கு ஓடினாள்.