ஒரு கட்டை கீழே

“அன்ரி, உங்கட ரெண்டு கிற்றாரும் சுருதியில ஒரு கட்டை கீழ நிக்குது” என்றார் அந்தத் தம்பி.

எங்கள் பள்ளிக்கூடத்துப் பழைய மாணவியர் ஒன்றுகூடலுக்குக் கீபோட் வாசிக்க வந்தவர் அவர். கையில் போன் இருந்தது. போனுக்குள் ஒரு முள் சிவப்புப் பக்கம் சாய்ந்து நின்றது. காய்ச்சல்காரிக்குக் காய்ச்சல் பார்ப்பது மாதிரி அதை என் கிற்றாருக்குப் பக்கத்தில் பிடித்துக் காட்டினார்.

“நிக்கட்டும்” என்றேன்.

“இல்லை அன்ரி, அது பிழை.”

முப்பது வருடத்துக்கு மேலாக நான் பிழையாக வாசித்துவருகிறேன் என்பதை நேற்று வாங்கிய போன் ஒன்று கண்டுபிடித்துவிட்டது. எனக்குக் கோபம் மூக்கு நுனியில் நிற்கும் என்று வீட்டில் சொல்வார்கள். அது உண்மைதான். வாயைத் திறந்தேன். பக்கத்துக் கதிரையில் இருந்த என் சிநேகிதி என் சேலைத் தலைப்பைப் பிடித்து இழுத்தாள். ‘வாயை மூடு’ என்பதற்கு எங்களுக்குள் உள்ள பழைய சாடை அது. அவளுக்காக மூடினேன். அன்றைய நாள் அவளுடையது.

அவளைப் பற்றிச் சொல்ல வேண்டும். மூதூர் இறங்குதுறையிலிருந்து இன்னும் உள்ளே போனால் வருகிற வயற்கிராமம் அவளுக்கு. நான் கடலுக்கு இந்தப் பக்கம், பட்டணத்தை ஒட்டிய அன்புவழிபுரத்துக்காரி. எட்டாம் வகுப்பில் அவள் பட்டணத்துக்கு வந்து பள்ளிக்கூட விடுதியில் சேர்ந்தாள். வெள்ளிக்கிழமை பின்னேரம் லோஞ்ச் படகு ஏறி வீட்டுக்குப் போவாள், திங்கட்கிழமை திரும்பி வருவாள். எங்களைச் சேர்த்தது படிப்பு அல்ல. இரண்டு பேருக்கும் கணக்கு வராது. கிற்றார்தான் சேர்த்தது. பாலையூற்றுப் பக்கம் ஒரு பறங்கியர் கலியாண வீட்டில் நான் அதை முதன்முதலில் கிட்ட நின்று பார்த்தேன். பெண்ணையும் மாப்பிள்ளையையும் பார்க்காமல் வாசித்தவருடைய விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றதற்காக அம்மாவிடம் கிள்ளு வாங்கினேன், பிறகு அடம்பிடித்து ஒரு கிற்றாரும் வாங்கினேன். அவளோ, மாமா ஒருவர் விட்டுவிட்டுப் போன பழைய கிற்றாரை யாரிடமும் கேட்காமல் தட்டித் தடவிப் பழகியிருந்தாள்.

எங்களிடம் ஒரேயொரு கசற் இருந்தது. வெளிநாட்டுக் கிற்றார்காரர்கள் வாசித்ததை யாரோ வானொலியிலிருந்து பதிந்தது. பதிந்தவர் அறிவிப்பாளர் பேசுகிற இடங்களையெல்லாம் வெட்டிவிட்டார். அதனால் வாசிப்பது யாரென்று எங்களுக்குத் தெரியாது. நாங்களே பெயர் வைத்தோம். தந்தியில் நகம் உரசுகிற சத்தம் கேட்டால் அவன் ‘நகம் வெட்டாதவன்’. ஒவ்வொரு வரிக்கும் முன்னால் மூச்சு வாங்குகிறவர் ‘இழுப்புக்காரர்’. அவருக்கு மட்டும் மரியாதை கொடுத்தோம். வயதானவராக இருக்க வேண்டும் என்று நம்பினோம். இன்றைக்கும் எங்கள் கதையில் அவர்கள் அப்படித்தான் வருகிறார்கள். உலகம் அவர்களுக்கு வேறு பெயர் வைத்திருந்தால் அது உலகத்தின் பாடு.

இரண்டாம் பக்கத்தின் கடைசியில் வருகிறவனுக்கு மட்டும் எங்களால் பெயர் வைக்க முடியவில்லை. அவனால்தான் சண்டை.

வாரநாட்களில் கசற் என்னிடம் இருக்கும், சனி ஞாயிறு அவளோடு லோஞ்சில் போகும். திங்கட்கிழமை வந்தால் இடைவேளையில் அவனைப் பற்றியே கதைப்போம்.

“அவன் ஓடுறானடி. பின்னால நாய் துரத்துற மாதிரி” என்பேன்.

“விசரி. அவன் அழுறான். செத்தவீட்டில கடைசியா அழுகிற ஆள் மாதிரி, அவசரமில்லாம ஆறுதலா அழுறான்.”

“உனக்குக் காதில பழுது.”

“உனக்கு நெஞ்சில பழுது.”

ஒரு பள்ளித் தவணை முழுக்க இது நடந்தது. நடுவில் கொஞ்ச நாள் முகம் கொடுத்துக்கூடக் கதைக்கவில்லை. ஒரே கசற், ஒரே ஆள், ஒரே வாசிப்பு. ஒருத்திக்கு ஓடுகிறான், மற்றவளுக்கு அழுகிறான். அவள் வேண்டுமென்றே என்னோடு தனகுகிறாள் என்றுதான் நான் நினைத்தேன்.

அவர்களுடைய கோயில் திருவிழாவுக்கு என்னைக் கூப்பிட்டிருந்தாள். அம்மாவிடம் அழுது அனுமதி வாங்கிக்கொண்டு போனேன். இறங்குதுறையில் ஆர்மிக்காரர் பைகளைக் கொட்டிப் பார்த்தார்கள். கசற்றைத் தங்கள் ரேடியோவில் போட்டுக் கொஞ்ச நேரம் கேட்டார்கள். அதில் பேச்சு ஒன்றும் இல்லை என்று கண்டு திருப்பித் தந்தார்கள். என் ரோச் லைற்றிலிருந்த பற்றரிகளை மட்டும் கழற்றி வைத்துக்கொண்டார்கள். பற்றரி அந்தப் பக்கம் போகக் கூடாது. அது அந்தக் காலத்துச் சட்டம். அதில் குண்டு செய்வார்களாம். எங்களுக்கு வேறு தேவை இருந்தது என்று யாரிடம் போய்ச் சொல்ல?

அவள் வீட்டு முற்றத்தில் சாக்கு விரித்து மிளகாய் காயப்போட்டிருந்தார்கள். மிளகாய்க்கு நடுவில் நாலு பற்றரிகளும் காய்ந்துகொண்டிருந்தன. கறண்ட் இல்லாத ஊர். புதுப் பற்றரி வராத ஊர். செத்துப்போன பற்றரியை வெயிலில் காயவைத்தால் அதற்குக் கொஞ்சம் உயிர் வரும். அந்தக் கொஞ்ச உயிரில் கசற்றைப் போட்டாள்.

அவன் அழுதான்.

கசற் மெதுவாகச் சுற்றியது. ஒவ்வொரு சுரமும் கனத்துக் கீழே இறங்கி, போக மனமில்லாமல் நின்று நின்று போனது. முதலில் சிரித்தேன். “பற்றரி இல்லாததாலடி இப்பிடி. அவன் உண்மையா ஓடுறவன்தான்” என்று துள்ளினேன். அவள் தன் கிற்றாரை எடுத்து அந்தக் கசற்றோடு சேர்ந்து வாசித்தாள். அதன் தந்திகளை எப்போதோ தளர்த்தி, செத்த பற்றரியின் சுருதிக்குக் கொண்டுவந்து வைத்திருந்தாள். இரண்டும் ஒட்டி நின்றன. எனக்குச் சிரிப்பு நின்றது.

கறண்ட் உள்ள வீட்டுக்காரி நான். நியாயப்படி என் பக்கம்தான் சரி. ஆனால் எனக்கு அந்தச் சரி வேண்டாம் என்று தோன்றியது. ஒரு பிள்ளையின் வீட்டுக்குப் பற்றரியை விடாத சட்டம் ஒரு பக்கம் இருக்க, அவள் கேட்கிற பாட்டும் பிழை என்று சொல்ல நான் யார்? வீட்டுக்கு வந்ததும் என் கிற்றாரின் ஆறு தந்திகளையும் தளர்த்தினேன். அன்றையிலிருந்து அது அங்கேதான் நிற்கிறது. அவனுக்கும் பெயர் வந்தது: ‘அழுகிறவன்’.

அவனை மேடையில் வாசிக்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை. பரிசளிப்பு விழாவுக்குப் பெயர் கொடுத்தாள். “பொம்பிளைப் பிள்ளை சபைக்கு முன்னால காலுக்கு மேல கால் போட்டுக்கொண்டு இருக்கிறதோ?” என்று பொறுப்பாக இருந்த ரீச்சர் பெயரை வெட்டிவிட்டார். வீணை என்றால் நிலத்தில் சப்பாணி கட்டி இருக்கலாம், அதற்கு மறுப்பில்லை. கிற்றாருக்குக் கால் போட வேண்டும். கால்தான் குற்றம். அவள் அழவில்லை. “ஒரு நாளைக்கு இதே மேடையில கால் போடுறன் பார்” என்றாள்.

அந்த ஒரு நாள் வர இத்தனை வருடம் எடுத்தது. இடையில் இரண்டு பேருக்கும் கலியாணம் ஆனது. “இதை ஆருக்கு வாசிச்சுக் காட்டப் போறாய்?” என்று என் மனுசன் கேட்டார், “உங்களுக்கில்லை” என்றேன், அதோடு அந்தக் கதை முடிந்தது. மூதூரில் சண்டை மூண்டபோது அவள் பிள்ளைகளோடு நடந்தே வெளியேறினாள். கிற்றார் வீட்டோடு போனது. என் வீட்டில் தங்கியிருந்த மாதங்களில் இருவரும் ஒரே கிற்றாரை மாறி மாறி வாசித்தோம். பிறகு ஊர் திரும்பி, சிறுகச் சிறுகச் சேர்த்து இன்னொன்று வாங்கினாள். கசற் போய்ச் சீடி வந்தது, சீடி போய்ப் பென்ட்ரைவ் வந்தது, இப்போது எல்லாம் போனில். விடிந்தால் யாராவது ஒரு புதுக் கிற்றார்காரனை எனக்கு அனுப்பியிருப்பாள். “இவன் கேட்டியா? சோத்துக்கு உப்பில்லாதவன்” என்று நான் பதில் போடுவேன். சண்டை தொடங்கும். அந்தச் சண்டை இல்லாத நாளில் எனக்குத் தேத்தண்ணியும் ருசிக்காது.

ஒரு நாள் அழுகிறவனின் அசல் பதிவையே போனில் தேடிப் பிடித்துவிட்டாள். அசலில் அவன் எங்கள் வீட்டில் ஓடியதைவிடவும் வேகமாக ஓடுகிறான். “ஆள் ஓடுறான்தான். நீ வெண்டிட்டாய்” என்று எழுதியிருந்தாள். “எனக்கு வேண்டாம் உந்த வெற்றி. அவனுக்கு வாசிக்கத் தெரியேல்லை” என்று எழுதினேன்.

பிறகு அவளுடைய இடதுகை. இரத்தத்தில் இருந்த சீனி வருத்தம் விரல்களில் இறங்கிவிட்டது. காலையில் விரல் மடங்கினால் விரியாது, விரிந்தால் மடங்காது. கிற்றாரை விட்டுவிடும்படி டொக்டர் சொன்னாராம். “விடுறதெண்டா ஒருக்கா மேடையில வாசிச்சுப்போட்டு விடுறன்” என்று அவருக்குச் சொல்லிவிட்டு வந்தாள். அப்போதுதான் இந்த ஒன்றுகூடல் வந்தது. அதே பள்ளிக்கூடம், அதே மண்டபம், அதே மேடை. நானும் அவளும் சேர்ந்து வாசிப்பதாகப் பெயர் கொடுத்தோம்.

கிற்றார் தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். சுருதி இறங்கினால் தந்தி தளரும். தளர்ந்த தந்தியை விரலால் அழுத்தி அமத்தக் கொஞ்ச பலமே காணும். அழுகிறவனில் ஓரிடத்தில் சுட்டுவிரலை ஆறு தந்திகளுக்கும் குறுக்கே படுக்கவைத்து அமத்த வேண்டும். எங்கள் சுருதியில் அவளால் அதை இன்னும் செய்ய ஏலும். அதற்கு மேலே ஏலாது. காய்ந்த பற்றரி அன்றைக்கு இறக்கி வைத்த அந்த ஒரு கட்டைதான் இன்றைக்கு அவளுடைய கையைப் பிடித்து வைத்திருந்தது.

இது அந்தத் தம்பிக்கு எப்படித் தெரியும்? நாங்கள் வடை தின்று பிளேன்ரீ குடிக்கப் போன நேரத்தில் இரண்டு கிற்றாரையும் எடுத்துப் போனைப் பார்த்து முறுக்கி, முள்ளைப் பச்சைக்குக் கொண்டுவந்து வைத்துவிட்டார். உதவி செய்ததாகத்தான் நினைத்தார். எங்களுக்கும் தெரியாது. பெயர் கூப்பிட்டார்கள். மேடையேறினோம். அவள் ஒருமுறை சபையைப் பார்த்தாள், பிறகு ஆறுதலாக, வேண்டுமென்றே, காலுக்கு மேல் காலைப் போட்டாள். முன்வரிசையில் எங்கள் வகுப்புக்காரிகள் கைதட்டினார்கள்.

விரலைத் தந்தியில் வைத்தவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்த முகம் எனக்கு மறக்காது. “அமத்த ஏலாமக் கிடக்கு” என்றாள் மெல்ல. “என்ர கை முடிஞ்சுதடி.”

நான் என் தந்தியைத் தொட்டுப் பார்த்தேன். இறுகிப்போய் இருந்தது. விளங்கிவிட்டது. அவளுடைய கிற்றாரை வாங்கி, சபைக்கு முன்னாலேயே முறுக்காணிகளைத் திருகி இறக்கத் தொடங்கினேன்.

தம்பி பதறிப்போய்க் கிட்ட வந்தார். “அன்ரி, இறக்காதேங்கோ. மியூசிக் எல்லாம் லப்ரொப்பில பதிஞ்சு வச்சிருக்கு. நீங்கள் இதுக்கு ஏறி வரவேணும்.”

மைக் திறந்திருந்ததை நான் கவனிக்கவில்லை. கவனித்திருந்தாலும் சொல்லியிருப்பேன்.

“நாங்கள் ஏறமாட்டம் தம்பி. ஏலுமெண்டா நீங்கள் இறங்குங்கோ. ஏலாதெண்டா அந்தப் பெட்டியை மூடுங்கோ. எங்களுக்கு நாங்கள் ரெண்டுபேரும் காணும்.”

சபை சிரித்தது. அவர் சிவந்துபோனார். ஆனாலும் பெட்டியை மூடினார், மைக்கையும் எங்களுக்குக் கிட்டக் கொண்டுவந்து வைத்தார். அதற்கு நன்றி சொன்னேன். எந்தப் போனையும் பார்க்காமல் என் காதிலிருந்த அந்த முற்றத்துச் சத்தத்துக்கு இரண்டு கிற்றாரையும் இறக்கிச் சேர்த்தேன். நேரம் எடுத்தது. எடுக்கட்டும் என்று விட்டேன்.

அவள் வாசித்தாள். அந்தக் கஷ்டமான பிடியில் முதல்முறை இரண்டு தந்தி செத்துப்போய் ‘டொக்’ என்றன. நான் என் சத்தத்தைக் கூட்டி அதை மூடவில்லை. மூடியிருந்தால் அவள் என்னை மன்னிக்கமாட்டாள். அடுத்தமுறை உதட்டைக் கடித்துக்கொண்டு அமத்தினாள். ஆறும் ஒலித்தன. எனக்குக் கண் நிறைந்தது. நான் துடைக்கவில்லை, இரண்டு கையும் வேலையாக இருந்தன. அழுகிறவன் ஆறுதலாக, கடைசிவரை அழுது முடித்தான்.

பின்னேரம் பஸ் நிலையத்தில் அவளை மூதூர் பஸ்ஸுக்கு ஏற்றப் போனேன். பட்டணத்துக்குள் திரிகிற மான்களில் ஒன்று வழக்கம்போல யாரோ போட்ட வாழைப்பழத் தோலைத் தின்றுகொண்டு நின்றது. அவள் இடதுகையை வலதுகையால் பிசைந்துகொண்டிருந்தாள்.

“டொக்டரிட்டச் சொன்னனான், ஒருக்கா வாசிச்சுப்போட்டு விடுறனெண்டு” என்றாள்.

“ஓம்.”

“பொய் சொல்லிப்போட்டன் போலடி.” பஸ் மிதிபலகையில் ஏறி நின்று திரும்பினாள். “அடுத்த வருசத்துக்கு விரல் இன்னும் மோசமாகும். இன்னும் கொஞ்சம் இறக்குவமே?”

“நீ சொல்லுற அளவுக்கு இறக்குவன். தந்தி கயிறு மாதிரித் தொங்கினாலும் இறக்குவன்.”

பஸ் போனது. வீட்டுக்கு வந்து, சேலை மாற்ற முன்னமே கிற்றாரை எடுத்து இன்னும் அரைக் கட்டை இறக்கினேன்.