வாயைத் திறந்து காட்டுங்க

மாத்திரையைக் கையில் கொடுத்துவிட்டால் பிரகதாம்பாள் அதற்கப்புறம் எதிராளியின் முகத்தைப் பார்க்க மாட்டாள், தொண்டைக்குழியைத்தான் பார்ப்பாள். அது ஏறி இறங்க வேண்டும். இறங்கினாலும் விட மாட்டாள். "வாயைத் திறந்து காட்டுங்க" என்பாள். நாக்கைத் தூக்கச் சொல்வாள். சந்தேகம் வந்துவிட்டால் செல்போன் டார்ச்சை அடித்துக் கன்னத்து ஓரமெல்லாம் துழாவிப் பார்ப்பாள். பொண்ணு பார்க்க வருவார்கள், மாப்பிள்ளை பார்க்க வருவார்கள், இந்தம்மா வாய் பார்க்க வருது என்று திருவரங்குளத்தைச் சுற்றியுள்ள நாலு ஊரிலும் அவளைக் கேலி பேசுவார்கள். அவள் காதில் விழுந்தாலும் விழாத மாதிரி வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விடுவாள்.

பிறக்கும்போதே இப்படிப் பிறந்தவள் இல்லை. கொத்தனாருக்கு வாழ்க்கைப்பட்டு, பத்தாவது பாஸ் என்ற ஒரே தகுதியில், ஊரில் காசநோய் வந்தவர்களுக்கு மாத்திரை கொண்டுபோய்க் கொடுக்கும் வேலைக்குச் சேர்ந்தாள். அது ஆகிறது பதினோரு வருஷம். முதல் வருஷமே பிச்சை என்று ஒரு சுமைதூக்கும் ஆள் அவளை ஏமாற்றினார். நாலு மாசம் அவள் கண்ணெதிரே மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தார். ஐந்தாம் மாசம் செத்துப்போனார். காரியம் முடிந்த அன்றைக்கு அவர் மனைவி ஒரு பழைய டப்பாவைக் கொண்டுவந்து திறந்து காட்டினாள். எச்சில் பட்டு நிறம் வெளுத்த மாத்திரைகள் அதில் பாதி டப்பாவுக்கு இருந்தன. பிரகதாம்பாள் அன்று அழவில்லை. மறுநாளிலிருந்து வாய் பார்க்க ஆரம்பித்தாள்.

அவளிடம் இன்னொரு பழக்கமும் ஒட்டிக்கொண்டது. "மாத்திரை சூடு. பாலு, முட்டை நல்லாச் சேத்துக்குங்க." மற்றவர்கள் போயிட்டு வாரேன் என்று சொல்லிக் கிளம்புவது போல, எந்த வீட்டிலிருந்து எழுந்தாலும் இதைச் சொல்லிவிட்டுத்தான் படியிறங்குவாள். காசநோய்க்காரர்களுக்குச் சொல்லிச் சொல்லி நாக்கில் ஊறிய வார்த்தை. சொல்கிறோம் என்ற நினைப்புகூட இல்லாமல் வந்துவிடும்.

திருப்பதிக்கு ஐம்பத்தெட்டு வயது. இருபத்திரண்டு வெள்ளாடு வைத்திருந்தார். மாசி மாசத்தில் ஒரு ஆடு மாசம் நிறையாமலே குட்டி வீசிவிட்டது. பாதியில் சிக்கிக்கொண்ட செத்த குட்டியை வெறுங்கையால்தான் இழுத்துப் போட்டார். ஆடு வளர்க்கிற எவரும் அப்படித்தான் செய்வார்கள், கையுறை மாட்டிக்கொண்டா பிரசவம் பார்ப்பார்கள்? பங்குனி கடைசியில் சாயங்காலம் ஆனால் காய்ச்சல். விடிந்தால் வேர்த்துக் கொட்டிப் பாய் நனைந்திருக்கும். டைபாய்டு என்று இரண்டு தடவை ஊசி போட்டும் கேட்கவில்லை. முதுகுத்தண்டு வலியில் மனிதர் எழுந்திருக்கவே ஒரு ஆள் பிடிக்க வேண்டியிருந்தது. கடைசியில் டாக்டர் அறிவுச்செல்வன்தான், "வீட்டுல ஆடு மாடு இருக்கா?" என்று ஒரு கேள்வி கேட்டார். ரத்தம் எடுத்து அனுப்பினார்கள். புருசெல்லா என்று வந்தது. மாட்டு டாக்டர்கள் கன்று வீச்சு நோய் என்பார்களே, அதே கிருமி மனிதனுக்குள் புகுந்திருக்கிறது. வீசிய குட்டியைத் தொட்டாலும் வரும், பச்சைப் பாலைக் குடித்தாலும் வரும்.

காலையில் ஒரு சிவப்பு கேப்சூல், கூடவே ஒரு பச்சை மாத்திரை. சாயங்காலம் மறுபடி ஒரு பச்சை. ஆறு வாரம், ஒரு நாள் தவறக் கூடாது. தவறினால் கிருமி முதுகெலும்பிலோ இதயத்திலோ போய் உட்கார்ந்துகொள்ளும் என்றார் டாக்டர். சாயங்கால மாத்திரையை நேரில் கொடுக்கவும், காய்ச்சலை அளந்து எழுதவும் பிரகதாம்பாளை அனுப்பினார். அனுப்பும்போது இன்னொன்றையும் சொன்னார். அந்த வீட்டு மருமகள் ஏழு மாசம். இந்தக் கிருமி அவளைத் தொட்டால் வயிற்றுப் பிள்ளை தங்குவது கஷ்டம்.

மருமகள் சிவரஞ்சனிக்கு ஏற்கெனவே ஒன்று ஐந்தாம் மாசத்தில் போய்விட்டது. புருஷன் வெற்றிசெல்வன் சிங்கப்பூரில். பிரகதாம்பாள் போன முதல் நாளே பட்டியைப் பின்பக்கம் தள்ளிப் போடச் சொல்லிவிட்டாள், அந்தப் பெண் ஆட்டுச் சாணி வாசனைகூட முகரக் கூடாது என்று சட்டம் போட்டாள். டாக்டர் கொடுத்த படிவத்தைப் பிரித்து ஒவ்வொரு கேள்வியாகக் கேட்டாள். பாலைக் காய்ச்சிக் குடிக்கிறீர்களா என்று இருந்தது. திருப்பதியின் மனைவி செவந்திக்குக் கோபமே வந்துவிட்டது. காய்ச்சாமல் டீ எப்படிப் போடுவதாம், நாங்கள் என்ன அப்படிப்பட்ட குடும்பமா என்று கேட்டாள். பிரகதாம்பாள் சிரித்துக்கொண்டே 'ஆம்' என்ற கட்டத்தில் டிக் போட்டாள். சிவப்பு கேப்சூலைப் பார்த்ததும் அவளுக்கு ஒரு நிம்மதி. காசநோய்க்குக் கொடுக்கிற அதே கேப்சூல், பதினோரு வருஷப் பழக்கம். எழுந்து படியிறங்கும்போது வழக்கமான வார்த்தையைச் சொல்லிவிட்டுப் போனாள்.

முதல் இரண்டு வாரம் காய்ச்சல் படிப்படியாக இறங்கியது. திருப்பதி ஆள் துணை இல்லாமல் வாசல் வரை நடந்தார். பத்தொன்பதாம் நாள் சாயங்காலம் தெர்மாமீட்டர் நூறைத் தாண்டியது. இருபத்தோராம் நாள் நூற்றொன்று. டாக்டர் போனில், மாத்திரை ஒழுங்காகப் போகிறதா என்று மட்டும் கேட்டார். பிரகதாம்பாளுக்குப் பிச்சையின் டப்பா கண்முன்னால் வந்து நின்றது.

அட்டைகளை எண்ணினாள், கணக்குச் சரியாக இருந்தது. சிவப்பு கேப்சூல் போட்டால் சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும். கூச்சப்பட்டவரை விடாமல் ஒரு பாட்டிலில் பிடித்துவரச் சொல்லிப் பார்த்தாள். ஆரஞ்சுதான். அப்படியும் மனசு ஆறவில்லை. காலையில் சிவப்பைப் போட்டுவிட்டுப் பச்சையைத் துப்பிவிட்டால் யாருக்குத் தெரியும்? அன்று சாயங்காலம் மாத்திரையைக் கொடுத்துவிட்டு, வழக்கத்தைவிடக் கடுமையாக வாயைத் திறக்கச் சொன்னாள். மருமகள் எதிரிலேயே நிற்கிறாள். திருப்பதி கண்ணை மூடிக்கொண்டு வாயைத் திறந்தார், நாக்கைத் தூக்கினார், கன்னத்தை விரலால் இழுத்தும் காட்டினார். உள்ளே ஒன்றும் இல்லை.

"நான் பிச்சை இல்ல ஆத்தா" என்றார் மெதுவாக. அந்த டப்பாக் கதை ஊருக்கே தெரியும்.

அதைக் கேட்டுக் குறுகிப்போனவள்தான். ஆனாலும் சந்தேகம் போகவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். மறுநாள் காலை ஆறு மணிக்குச் சொல்லாமல் கொள்ளாமல் போய் நின்றாள். கையும் களவுமாகப் பிடித்துவிடலாம் என்ற எண்ணம்.

வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் வந்தாள். திருப்பதி பட்டிக்குள் ஒரு ஆட்டின் பக்கத்தில் குந்தியிருந்தார். டம்ளரில் பாலைக் கறந்து முடித்தார். வேட்டி மடிப்பிலிருந்து சிவப்பையும் பச்சையையும் எடுத்தார். இரண்டையும் சேர்த்து வாயில் போட்டார். கறந்த சூட்டோடு டம்ளர் பாலையும் மடமடவென்று குடித்தார். தொண்டைக்குழி ஒழுங்காக ஏறி இறங்கியது. அவளைப் பார்த்ததும், தானாகவே வாயைத் திறந்து காட்டினார். மீசையில் நுரை ஒட்டியிருந்தது.

"என்னண்ணே இது?" என்றாள்.

"நீ சொன்ன பாலுதான். சூடு தணியணும்ல. ஒரு நாள் விடலை."

"பச்சையாவா குடிக்கிறீங்க? பாலைக் காய்ச்சுறோம்னு மதினி சொன்னாங்களே."

"அது பாக்கெட்டுப் பாலு, டீக்கு. இது பாலா? இது மருந்துல்ல. ஆட்டுப்பாலைக் காய்ச்சினா சத்து எங்கிட்டு நிக்கும்?"

பிரகதாம்பாள் அடுப்படி ஜன்னலைப் பார்த்தாள். திட்டில் இன்னொரு டம்ளர் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது. அது யாருக்கு என்று கேட்க வேண்டிய அவசியமே இல்லை, ஆனாலும் கேட்டாள். மருமகளுக்கு என்றார் திருப்பதி. வயிற்றுப் பிள்ளைக்கும் சத்து வேண்டாமா? நீ சொன்ன நாளிலிருந்து அதற்கும் ஒரு டம்ளர். சொன்னபோது அவர் முகத்தில் அவ்வளவு பெருமை.

அன்றைக்கே பிரகதாம்பாள் மாமனாரையும் மருமகளையும் கூட்டிக்கொண்டு புதுக்கோட்டைக்கு பஸ் ஏறினாள். சிவரஞ்சனி ஜன்னலோரம் உட்கார்ந்து வயிற்றைத் தடவிக்கொண்டிருந்தாள், அந்தக் கை நின்றபோதெல்லாம் பிரகதாம்பாளுக்கும் மூச்சு நின்றது. வேலை போய்விடும் என்று ஒரு பக்கம் பயம். ஊரில் யார் இனிமேல் தன் கையால் மாத்திரை வாங்குவார்கள் என்று இன்னொரு பக்கம். இந்தப் பயமெல்லாம் அந்தக் கையைப் பார்த்ததும் சின்னதாகிப் போனது.

டாக்டர் அறிவுச்செல்வன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுப் பேனாவைக் கீழே வைத்தார். பாலோடு சேர்த்துப் போட்டால் அந்தப் பச்சை மாத்திரையை உடம்பு முழுசாக எடுத்துக்கொள்ளாது. பச்சைப் பாலில் அதே கிருமி திரும்பத் திரும்ப உள்ளே போகும். இதுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது, ஆனால் காரணமாக இருக்கலாம் என்றார். பிறகு திருப்பதியைப் பார்த்துக் கேட்டார், "பால் குடிக்கச் சொன்னது யாரு?"

பிரகதாம்பாள் வாயெடுப்பதற்குள் திருப்பதி முந்திக்கொண்டார்.

"யாரும் சொல்லலைங்கய்யா. நானாத்தான் குடிச்சேன். இந்தப் புள்ள தண்ணியிலதான் போடச் சொல்லுச்சு."

இரண்டு மூன்று நாளாக இந்த மனிதர் பொய் சொல்கிறார் என்று அவள் தூங்கவில்லை. சொன்ன பொய் இது ஒன்றுதான், அதையும் அவளுக்காகச் சொல்கிறார்.

"பொய் சொல்றாரு சார். நான்தான் சொன்னேன். எல்லாருக்கும் சொல்ற மாதிரி இவருக்கும் சொல்லிட்டேன்."

திட்டுவார் என்று காத்திருந்தாள். டாக்டர் அந்தப் படிவத்தை எடுத்து ஒரு தடவை படித்தார். இதை எழுதியது நான், பால் என்றுதான் எழுதியிருக்கிறேன், ஆட்டுப்பால் என்று எழுதத் தோன்றவில்லை என்றார். அந்த இடத்திலேயே பேனாவால் எழுதிச் சேர்த்தார். திருப்பதிக்கு ஆறு வாரம் முதலிலிருந்து ஆரம்பம். சிவரஞ்சனியின் கையிலிருந்து ரத்தம் எடுத்தார்கள்.

ரிசல்ட் வர மூன்று நாள். அந்த மூன்று நாளும் பிரகதாம்பாளுக்குச் சோறு இறங்கவில்லை. காலையில் ஒரு போன், மத்தியானம் ஒன்று, விளக்கு வைத்ததும் ஒன்று, பிள்ளை அசையுதா என்று. நாலாவது நாள் கிருமி இல்லை என்று வந்தது. அப்பாடா என்று உட்காரக்கூட டாக்டர் விடவில்லை. இப்போது தெரியாது, மூன்று வாரம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும் என்றார். அதிலிருந்து அந்த வீட்டில் இரண்டு பேருக்குத் தெர்மாமீட்டர் வைத்தாள். ஒரு நாள் சிவரஞ்சனிக்குத் தொண்ணூற்றொன்பதரை. வெயிலில் துணி காயப்போட்டுவிட்டு இப்போதுதான் உள்ளே வந்தேன் என்றாள் அந்தப் பெண். பிரகதாம்பாள் அவளை அரை மணி நேரம் நிழலில் உட்காரவைத்து மறுபடி அளந்தாள், இறங்கியிருந்தது. ஆட்டு ரத்தத்தைச் சோதித்ததில் ஐந்துக்கு நோய் இருந்தது. திருப்பதி அவற்றைத் தனியே கட்டினார், வாங்க வந்தவர்களிடம் இன்ன நோய் என்று சொல்லித் திருப்பி அனுப்பினார். செவந்தி மட்டும் பிரகதாம்பாளோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். வந்தால் தண்ணீர்ச் சொம்பை வைத்துவிட்டு உள்ளே போய்விடுவாள். அது நியாயம்தான் என்று பிரகதாம்பாளும் பேச முயலவில்லை.

மூன்று வாரம் கழித்து எடுத்த ரத்தத்திலும் கிருமி இல்லை. திருப்பதிக்கும் காய்ச்சல் போய்விட்டது.

ஆறு வாரம் முடிந்த சாயங்காலம் கடைசி மாத்திரை. பிரசவத்துக்கு இன்னும் மூன்று நாலு வாரம் இருந்தது. சிவரஞ்சனி சுவரில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். செவந்தி தண்ணீர்ச் சொம்பைக் கொண்டுவந்து வைத்தாள். இந்தத் தடவை உள்ளே போகாமல் வாசற்படியிலேயே நின்றாள். திருப்பதி மாத்திரையைப் போட்டுத் தண்ணீரைக் குடித்தார். பிறகு யாரும் கேட்காமலே பிரகதாம்பாளுக்கு நேரே திரும்பி வாயைத் திறந்தார், நாக்கைத் தூக்கினார்.

பிரகதாம்பாள் படிவத்தைப் பார்த்துக் குனிந்துகொண்டாள்.

"போதும்ண்ணே. மூடுங்க."

"பாரு ஆத்தா. பாத்துட்டே எழுது" என்றார் அவர், வாயை மூடாமலே.

அவள் பார்க்கவில்லை. பார்க்காமலே கட்டத்தில் டிக் போட்டாள். பிச்சை செத்ததற்கப்புறம் அதுதான் முதல் தடவை. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு படியிறங்கினாள். வழக்கமான வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. அதை முழுங்கிவிட்டு, போயிட்டு வாரேன் என்று மட்டும் சொன்னாள்.